10 அடி 6 அங்குல அகலப் படகு: போர்ட் கிளின்டனிலிருந்து செயின்ட் கிளேர் ஷோர்ஸ் வரை சாலையில் இழுத்து வரலாமா?

திண்ணைக்காரன் (கேன்டன், மிச்சிகன்)

எல்லோருக்கும் வணக்கம். ஒஹாயோவில் போர்ட் கிளின்டன் பக்கம் ஒரு படகு யார்டில் 30 அடி கேபின் குரூசர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு பெட்ரோல் இன்ஜின், உள்ளே படுக்கை, சின்ன அடுப்படி எல்லாம் உண்டு. இரண்டு சீசனாகத் தண்ணீரில் இறங்காமல் கட்டை மேல் நிற்கிறது. விற்கிறவர் டிரெய்லரையும் சேர்த்தே தருகிறார், மூன்று ஆக்சில். செயின்ட் கிளேர் ஷோர்ஸில் மரீனா இடம் பேசிவிட்டேன். சாலை வழி நூறு மைலுக்கு மேல்.

சிக்கல் அகலத்தில்தான். 10 அடி 6 அங்குலம். என்னிடம் இருப்பது ஃபோர்டு எஃப்-150 பிக்கப், பெரிய டோ பேக்கேஜோடு (இழுவைக்கான கூடுதல் அமைப்பு) வாங்கியது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள் என்கிறார் யார்டுக்காரர். பெர்மிட் வேண்டும் என்கிறார் ஒருவர், முன்னால் பின்னால் எஸ்கார்ட் கார் வேண்டும் என்கிறார் இன்னொருவர். வீட்டில் கேட்டால் படகே வேண்டாம் என்கிறார்கள், அது வேறு கதை. இதை நானே இழுத்து வர முடியுமா?

எதிர்க்கட்சி (ட்ராய், மிச்சிகன்)

இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை? ஞாயிற்றுக்கிழமை காலை நாலரைக்குக் கிளம்புங்கள். வெளிச்சம் வருவதற்குள் வீடு வந்துவிடலாம். மே மாதம் ஐ-75-இல் நின்று பாருங்கள், அகலமான படகுகள் வரிசையாகப் போகும். அதில் எத்தனை பேர் பெர்மிட் வைத்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்?

நாமக்கல்லார் (கொலம்பஸ், ஒஹாயோ)

கனரக சரக்கு கம்பெனியில் பெர்மிட் மேசையில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஊரிலும் லாரித் தொழில்தான், இங்கேயும் அதேதான், நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது.

முதலில் அடிப்படை. 1982-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி தேசிய நெடுஞ்சாலை வலையில் வண்டியின் அகலம் 102 அங்குலம், அதாவது 8 அடி 6 அங்குலம் வரை போகலாம். அதற்கு மேலே போனால் ஓவர்சைஸ். பெர்மிட் கொடுப்பது வாஷிங்டன் இல்லை, அந்தந்த மாநிலம். உங்களுக்கு இரண்டு மாநிலம், ஆகவே இரண்டு பெர்மிட். ஒஹாயோவில் ஓடாட்டின் (மாநிலப் போக்குவரத்துத் துறை) ஸ்பெஷல் ஹாலிங் பிரிவு, மிச்சிகனில் அதே மாதிரித் துறையான எம்டாட்டின் மைட்ரிப் என்ற ஆன்லைன் முறை. தனியாளும் விண்ணப்பிக்கலாம், கம்பெனிதான் வேண்டும் என்று இல்லை.

இங்கே பலர் இடறுவது ஒரு இடத்தில். மாநில பெர்மிட் மாநிலச் சாலைக்கு மட்டும்தான். யார்டு வாசலிலிருந்து மாநில நெடுஞ்சாலை வரைக்கும் உள்ள சாலை கவுண்டிச் சாலையாக இருந்தால் ஆட்டவா கவுண்டியில் தனியாகக் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் மக்கோம் கவுண்டி, அப்புறம் நகராட்சித் தெரு. கடைசி இரண்டு மைலுக்குத்தான் அதிக போன் அடிக்க வேண்டியிருக்கும். ஒஹாயோ டர்ன்பைக்கில் (சுங்கச் சாலை) ஏறினால் அவர்களுக்கும் தனி பெர்மிட். உங்கள் வழியில் டர்ன்பைக் தேவையே இல்லை. ஸ்டேட் ரூட் 2 பிடித்து மேற்கே வந்து, டொலிடோவில் ஐ-280, அங்கிருந்து ஐ-75. ஆனால் வழியை நீங்கள் முடிவு செய்ய முடியாது. பெர்மிட்டில் அச்சாகி வரும் வழிதான் வழி. அதில் ஐ-275, ஐ-696 என்று சுற்றிப் போகச் சொன்னால் சுற்றித்தான் போக வேண்டும்.

எஸ்கார்ட் கவலை வேண்டாம். பொதுவாக 12 அடியைத் தாண்டும்போதுதான் அந்தப் பேச்சு வரும். உங்களுக்கு வேண்டியது முன்னும் பின்னும் 'ஓவர்சைஸ் லோட்' பலகை, அகலமான இடங்களில் சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கொடி, ஒவ்வொன்றும் 18 அங்குலச் சதுரம். டிரெய்லருக்குப் பின்னால் படகு 4 அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அங்கேயும் கொடி. ஓட்டம் பகலில் மட்டும். எந்த நாள் கூடாது, எந்த நேரம் டெட்ராய்ட் பக்கம் கூடாது என்பதெல்லாம் பெர்மிட் தாளிலேயே இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய இரவு அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். ஒருவரும் படிப்பதில்லை.

எதிர்க்கட்சி, உங்களுக்கும் ஒரு வார்த்தை. விடியுமுன் கிளம்பினால் அது இன்னும் மோசம். பெர்மிட் இல்லாத ஓவர்சைஸ், அதுவும் இருட்டில். மடக்கினால் அபராதத்தோடு போகாது. அதே இடத்தில் ஓரங்கட்டச் சொல்வார்கள், முறையான பெர்மிட்டும் ஆளும் வந்த பிறகுதான் நகர முடியும். இழுவை வண்டிக்காரன் அன்றைக்கு வைத்ததுதான் விலை.

எதிர்க்கட்சி (ட்ராய், மிச்சிகன்)

மடக்கினால்தானே அண்ணே.

நாமக்கல்லார் (கொலம்பஸ், ஒஹாயோ)

சரி, போலீஸை விடுங்கள். கணக்கு மட்டும் பார்க்கலாம். இன்டர்ஸ்டேட்டில் ஒரு லேன் 12 அடி, 144 அங்குலம். படகு 126 அங்குலம். நட்ட நடுவில் ஓட்டினால் பக்கத்துக்கு 9 அங்குலம் மிச்சம். சாலை வேலை நடக்கும் இடத்தில் லேனை 11 அடியாகக் குறுக்கி ஓரத்தில் கான்கிரீட் சுவர் வைத்திருப்பார்கள். அங்கே பக்கத்துக்கு 3 அங்குலம்! உங்கள் உள்ளங்கை அகலம்கூட இல்லை. பெர்மிட் கேட்டால் அந்த வேலை நடக்கும் இடத்தைத் தவிர்த்து வழி கொடுப்பார்கள். அந்தத் தாளுக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான். பெர்மிட் இல்லாமல் போகிறவனுக்கு அந்தச் சுவர் இருப்பது அங்கே போன பிறகுதான் தெரியும். மிச்சிகனில் மார்ச் பிறந்தால் ஆரஞ்சு டிரம் இல்லாத நெடுஞ்சாலையை எனக்குக் காட்டுங்கள்.

இடித்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி 'பெர்மிட் எங்கே'.

ஏரிக்கரை அக்கா (கிளீவ்லண்ட்)

நாமக்கல்லார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் நீங்கள் இரண்டு பேரும் அகலத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தம்பி திண்ணைக்காரன், நான் பயப்படுவது எடைக்கு.

கம்பெனி விளம்பரத் தாளில் இருக்கும் எடை, காலிப் படகின் எடை. இந்த அளவுப் படகு 10,500 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆக்சில் டிரெய்லர் 2,800. பெட்ரோல் ஒரு காலன் சுமார் 6 பவுண்ட், டாங்கில் 100 காலன் கிடந்தால் 600. பேட்டரிகள், நங்கூரம், சங்கிலி, ஏசி, பாத்திரம், படுக்கை, முந்தைய சொந்தக்காரர் விட்டுப்போன சாமான் எல்லாம் சேர்ந்து 800 என்றால் அது குறைத்துச் சொன்ன கணக்கு. மொத்தம் 14,700. உங்கள் எஃப்-150 எந்தப் பேக்கேஜில் வந்திருந்தாலும் இதை இழுக்கிற வண்டி இல்லை. இழுத்துவிடும், அதைச் சொல்லவில்லை. நிறுத்தாது.

இதற்கு 'ஒரு டன்' வகை டீசல் பிக்கப் (எஃப்-150-ஐ விடக் கனமான வேலைக்கான வண்டி) வேண்டும், பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் இன்னும் நல்லது. ஐந்தாம் கிளாஸ் ஹிட்ச் (வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பு), 2-5/16 அங்குலப் பந்து. அந்தப் பந்தின் மேலேயே எத்தனை பவுண்ட் என்று பொறித்திருக்கும், பாருங்கள். ஹிட்ச் 18,000 தாங்கும், பந்து 10,000தான் தாங்கும் என்று மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரெய்லரில் பிரேக் வேலை செய்கிறதா, கழன்றால் தானாகப் பிடிக்கும் பிரேக்அவே கம்பி இருக்கிறதா, பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் நாக்குக்கு (டிரெய்லரின் முன் நீண்ட இழுவைத் தண்டு) கீழே குறுக்காகப் போகிறதா, இதெல்லாம் அப்புறம்.

முதலில் டயரைப் பாருங்கள். ஓரத்தில் டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் புதுசு மாதிரி ஆழமாகத்தான் இருக்கும், ஓடினால்தானே தேயும்? வெயிலில் நின்று நின்றே ரப்பர் செத்திருக்கும். ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தால் ஆறு டயரையும் மாற்றிவிட்டுத்தான் நகர வேண்டும். டிரெய்லர் டயர்கள் பலவற்றுக்கு 65 மைல்தான் உச்ச வேகம், அதையும் நினைவில் வையுங்கள்.

வால்வு (அக்ரன், ஒஹாயோ)

அக்கா டயரைச் சொல்லிவிட்டார், நான் பேரிங் சொல்கிறேன். படகு டிரெய்லரின் பேரிங் கெட்டுப்போவதற்குக் காரணமே வேறு. சாலையில் ஓடிச் சூடான ஹப்பை (பேரிங் உட்காரும் சக்கர மையம்) அப்படியே படகு இறக்கும் ராம்பில் தண்ணீருக்குள் இறக்குவோம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், அந்த இழுப்பில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அந்தத் தண்ணீர் கிரீஸோடு கலந்து பேரிங்கைத் தின்னும். இரண்டு வருஷம் சும்மா நின்ற டிரெய்லரில் அந்தத் துரு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஹப் மூடியைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். கிரீஸ் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் பரவாயில்லை. மோர் மாதிரி வெளுத்து இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, ஆறு ஹப்பையும் பிரிக்க வேண்டியதுதான். அதைச் செய்யாமல் நெடுஞ்சாலை ஏற வேண்டாம். செய்த பிறகும் முதல் பத்து மைலில் ஓரங்கட்டி ஒவ்வொரு ஹப்பாகப் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூட்டளக்கும் சின்னத் துப்பாக்கி இருந்தால் இன்னும் நல்லது. ஆறில் ஒன்று மட்டும் மற்றதை விடக் கொதிக்கிறது என்றால் அதுதான் குற்றவாளி.

திண்ணைக்காரன் (கேன்டன், மிச்சிகன்)

அக்கா, வால்வு, நாமக்கல்லார், மூவருக்கும் நன்றி. பயமுறுத்தினாலும் நன்றி. என் மைத்துனருக்குக் கட்டட கான்ட்ராக்ட் வேலை, அவரிடம் ஒரு டன் டீசல் பிக்கப் இருக்கிறது. கையில் கொஞ்சம் காசு கொடுத்தால் வந்துவிடுவார். அப்புறம் இன்னொரு கேள்வி. இதற்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

நாமக்கல்லார் (கொலம்பஸ், ஒஹாயோ)

நல்ல கேள்வி, ஆனால் அதில் ஒரு வெடி இருக்கிறது.

வண்டியும் டிரெய்லரும் சேர்த்து 26,001 பவுண்டைத் தொட்டு, டிரெய்லர் மட்டும் 10,000-க்கு மேல் இருந்தால் அது கிளாஸ் ஏ (கனரக இணைப்பு வண்டி லைசென்ஸ்) கணக்கு. இது ஏற்றிய எடை மட்டும் இல்லை, தகட்டில் அச்சிட்ட உச்ச எடையும் பார்ப்பார்கள், எது அதிகமோ அதுதான் கணக்கு. தகட்டில் பிக்கப் 11,500, டிரெய்லர் 16,000 என்றால் 27,500, தாண்டிவிட்டது. சொந்தப் படகை, சொந்த உபயோகத்துக்கு, காசு வாங்காமல் இழுப்பவருக்கு சிடிஎல் (வணிக ஓட்டுநர் லைசென்ஸ்) கட்டாயம் இல்லை. ஆனாலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் வணிகம் அல்லாத கிளாஸ் ஏ என்றே ஒன்று தனியாக எடுக்க வேண்டும்.

வெடி எங்கே என்றால், மைத்துனருக்குக் காசு கொடுத்த நிமிஷம் அது வாடகை ஓட்டம். மாநில எல்லை தாண்டுகிறது, 10,000 பவுண்டுக்கு மேல். யுஎஸ்டாட் எண் (கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறையில் பதியும் எண்), வணிக இன்சூரன்ஸ், சிடிஎல் எல்லாம் உள்ளே வந்துவிடும். கதவில் கம்பெனி பேர் எழுதிய வண்டி என்றால் எடை நிலையத்தில் நிறுத்திக் கேட்கத்தான் செய்வான். பிரியாணி போட்டு அனுப்புங்கள், காசு பேச்சே வேண்டாம். அதற்கு முன்னால் அவருடைய இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஸ்கார்பரோ சிவம் (டொரண்டோ)

வணக்கம் அண்ணைமார், அக்கா. நான் இந்தக் கரையில இருந்து எழுதுறன். ஒன்டாரியோவில 2.6 மீட்டருக்கு மேல அகலம் எண்டால் பெர்மிட்தான், கிட்டத்தட்ட உங்கட 8 அடி 6 தான்.

ஆனால் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். போர்ட் கிளின்டன் ஏரிக்கரை, செயின்ட் கிளேர் ஷோர்ஸும் ஏரிக்கரை. ஈரி ஏரியில இறக்கி, மேற்கு மூலைக்கு வந்து, டெட்ராய்ட் ஆறு 28 மைல் ஏறினால் செயின்ட் கிளேர் ஏரிதானே. ஏன் அண்ணை தண்ணிப் படகைத் தரையில கொண்டு போறியள்?

எதிர்க்கட்சி (ட்ராய், மிச்சிகன்)

சிவம் அண்ணைக்குத்தான் கப்! இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? 😄

திண்ணைக்காரன் (கேன்டன், மிச்சிகன்)

எனக்கும் அந்த ஆசை இருந்தது. இன்ஜின் இரண்டு வருஷமாக ஓடவில்லை, சர்வே (படகை நிபுணர் சோதிப்பது) இன்னும் முடியவில்லை. ஏப்ரலில் ஈரியில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். நடு ஏரியில் இன்ஜின் நின்றால் என்னைத் தேட ஆள் அனுப்ப வேண்டும். அதனால்தான் சாலை என்று யோசித்தேன்.

ஏரிக்கரை அக்கா (கிளீவ்லண்ட்)

அந்தப் பயம் நியாயம் தம்பி. ஈரி ஆழமில்லாத ஏரி, மேற்குப் பகுதி இன்னும் ஆழமில்லை. காற்று எழும்பினால் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் வந்து முகத்தில் அடிக்கும். தெரியாத இன்ஜினோடு ஏப்ரலில் வேண்டவே வேண்டாம். ஆனால் யார்டுக்காரருக்கு ஒரு மாத வாடகை கொடுத்து மே கடைசி வரை நிறுத்தி, அங்கேயே மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லி, கரையோரமே இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவது வேறு விஷயம். 'ஏப்ரல் முதல் வாரம்' என்பது அவர் வைத்த கெடு. கல்வெட்டில் பொறித்ததா என்ன?

நாமக்கல்லார் (கொலம்பஸ், ஒஹாயோ)

ஏப்ரல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. மிச்சிகனில் மார்ச் முதல் மே வரை பனி உருகும் காலத்தில் 'ஃப்ராஸ்ட் லா' உண்டு. உறைந்த மண் மேலிருந்து இளகும்போது தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் சாலைக்கு அடியிலேயே நிற்கும். அந்த நேரத்தில் கனமான ஆக்சில் ஏறினால் சாலை உடையும். அதனால் கவுண்டிகள் ஆக்சில் எடையைக் குறைத்துவிடும், பல இடங்களில் ஓவர்சைஸ் பெர்மிட்டையும் நிறுத்தி வைக்கும். எப்போது போடுவார்கள், எப்போது எடுப்பார்கள் என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும். மக்கோமுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நெடுஞ்சாலைக்கு பெர்மிட் வாங்கி, கடைசி ஒரு மைலில் மாட்டிக்கொள்வதை விட வேறு எரிச்சல் கிடையாது.

மிச்சிகனில் எல்லாச் சாலையும் 102 அங்குலச் சாலை இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். குறிப்பிட்ட நெடுஞ்சாலைகள் தவிர மற்றவற்றில் எல்லை 96 அங்குலம்.

அப்புறம் உயரம். இந்த இரண்டு மாநிலத்திலும் 13 அடி 6. உங்கள் படகில் ரேடார் ஆர்ச் (மேலே நிற்கும் வளைவுச் சட்டம்) இருக்கிறதா?

திண்ணைக்காரன் (கேன்டன், மிச்சிகன்)

இருக்கிறது. அதன் மேல் ஒரு ஆன்டெனாவும்.

நாமக்கல்லார் (கொலம்பஸ், ஒஹாயோ)

டிரெய்லரில் ஏற்றிய பிறகுதான் அளக்க வேண்டும், கட்டை மேல் நிற்கும்போது இல்லை. டயரில் காற்று முழுசாக இருக்கட்டும். ஆர்ச்சின் உச்சியில் நீளமான ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வந்த பிறகு அதன் வெளி நுனியிலிருந்து தரைக்கு டேப்பை விடுங்கள். கீழே ஒரு ஆள், மேலே ஒரு ஆள். கண்ணால் பார்த்து 'பன்னிரண்டரை இருக்கும்' என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். அகலமும் அப்படியே, படகின் உடம்பை அளந்தால் போதாது. இரண்டு பக்கமும் ஓடும் ரப் ரெயில் (உரசல் தாங்கும் விளிம்புப் பட்டை), அதில் துருத்திக்கொண்டிருக்கும் போல்ட் வரைக்கும் சேர்த்து அளக்க வேண்டும். விளம்பரத் தாளில் 10-6 என்று இருப்பது டேப்பில் 10-8 வந்தால் பெர்மிட்டில் 10-8 என்றுதான் இருக்க வேண்டும். தாளில் உள்ளதை விடச் சரக்கு அகலமாக இருந்தால் அந்தத் தாள் செல்லாது.

ஆன்டெனாவைக் கழற்றிவிடுங்கள். ஆர்ச் மடங்கும் வகை என்றால் மடக்கிவிடுங்கள். பாலத்தை விட மரீனாத் தெருவில் தொங்கும் கேபிளும் மரக்கிளையும்தான் அதிகம் இழுக்கும்.

வால்வு (அக்ரன், ஒஹாயோ)

கட்டுவது பற்றி ஒருவரும் பேசவில்லையே. முன்னால் வின்ச் பட்டை மட்டும் போதாது, மூக்குக் கொக்கியிலிருந்து தனிச் சங்கிலி ஒன்று. பின்னால் டிரான்சம் (படகின் பின் சுவர்) கொக்கி இரண்டிலிருந்தும் டிரெய்லர் சட்டத்துக்கு ராட்செட் பட்டை. நடுவில் ஒன்று குறுக்காகப் போட்டால் விளிம்பில் தடித்த கார்ப்பெட் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் பட்டை ஜெல்கோட்டை (படகின் பளபளப்பான மேல் பூச்சு) தேய்த்து வெள்ளைக் கோடு போட்டுவிடும். கேன்வாஸ் கூரையைக் கழற்றி உள்ளே வையுங்கள், 60 மைல் காற்றில் அது கிழியாது, அதன் கம்பியோடு பறக்கும். கேபின் கதவு, ஹேட்ச் எல்லாவற்றுக்கும் டேப். புரொப்பெல்லரைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள்.

ஏற்றியதும் நேராக ஒரு டிரக் ஸ்டாப்பில் எடை மேடைக்குப் போங்கள். நாக்கு எடை டிரெய்லர் மொத்தத்தில் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்ஜின் இரண்டும் பின்னால் இருப்பதால் நாக்கு லேசாகிவிடும். லேசான நாக்கு என்றால் லாரி தாண்டும்போது டிரெய்லர் வால் ஆட்டும், அதைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். வின்ச் கம்பத்தை முன்னால் தள்ளிப் படகை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு ஏற்றினால் சரியாகும்.

ஏரிக்கரை அக்கா (கிளீவ்லண்ட்)

தண்ணீர் வடிப்பதையும் விட்டுவிடாதீர்கள். மிச்சிகனில் 2019 மார்ச் முதல் சட்டமே இருக்கிறது, சாலையில் படகு போகும்போது டிரெயின் பிளக் கழற்றியிருக்க வேண்டும், லைவ்வெல் (மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) எல்லாம் வடித்திருக்க வேண்டும், பாசி ஒட்டியிருக்கக் கூடாது. இந்த நாட்டை இன்று வரை படுத்தும் வரிக்குதிரைச் சிப்பியை 1988-இல் முதலில் கண்டதே நீங்கள் போகும் அந்த செயின்ட் கிளேர் ஏரியில்தான்.

ஸ்கார்பரோ சிவம் (டொரண்டோ)

தண்ணி வழியா வாறதெண்டால் இன்னொண்டு. டெட்ராய்ட் ஆத்திலயும் ஏரியிலயும் எல்லைக்கோடு நடுவால போகுது. கனடாப் பக்கம் தாண்டினாலும் கரையில இறங்காமல், நங்கூரம் போடாமல், வேற படகோட சேராமல் நேரா போனால் எங்கட சுங்கத்துக்கு அறிவிக்கத் தேவையில்லை. பாஸ்போர்ட் மட்டும் கையில வையுங்கோ. பெரிய கப்பல்காரனுக்கு வழிவிடுங்கோ, அவனால திருப்பேலாது.

எதிர்க்கட்சி (ட்ராய், மிச்சிகன்)

எல்லாம் படித்துவிட்டேன். ஞாயிறு காலை ஓட்டத்துக்கு நான் கூட வரவில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

திண்ணைக்காரன் (கேன்டன், மிச்சிகன்)

யார்டுக்காரரிடம் பேசினேன். மே கடைசி வரை வைத்துக்கொள்ளலாம், வாடகை தனி என்றார். டிரெய்லர் டயர் 2014. ஆறும் மாற்ற வேண்டும், ஹப் வேலை வேறு, மைத்துனருக்கு இன்சூரன்ஸ் ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு. எல்லாம் கூட்டிப் பார்த்தால் படகு ஏற்றும் ஹைட்ராலிக் டிரெய்லரோடு வரும் ஹாலர் ஒருவர் சொன்ன தொகைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பெர்மிட், வழி எல்லாம் அவர் தலையில். சர்வேயில் இன்ஜின் தேறினால் தண்ணீர் வழி, தேறாவிட்டால் ஹாலர். நானே இழுப்பதை விட்டுவிட்டேன்.

நாமக்கல்லார் (கொலம்பஸ், ஒஹாயோ)

நல்ல முடிவு. ஹாலரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். அவருடைய யுஎஸ்டாட் எண்ணை வாங்கிக் கூட்டாட்சித் தளத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை. கார்கோ இன்சூரன்ஸ் தொகை படகின் விலைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், சான்றிதழை அவருடைய ஏஜென்டே உங்களுக்கு நேராக அனுப்ப வேண்டும். அவர் கையிலிருந்து வரும் நகலை நம்ப வேண்டாம். ஏற்றுவதற்கு முன் படகைச் சுற்றி, அடிப்பக்கம் உட்பட, போட்டோ எடுத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அளவு அவர் எடுத்தாலும் நீங்களும் ஒரு முறை டேப் பிடியுங்கள், தப்பில்லை.

திண்ணைக்காரன் (கேன்டன், மிச்சிகன்)

சரி அண்ணா. சனிக்கிழமை யார்டுக்குப் போகிறேன், டேப்பும் ரசமட்டமும் எடுத்துப் போகிறேன். ரப் ரெயில் அளவை இங்கே போடுகிறேன்.

ஏரிக்கரை அக்கா (கிளீவ்லண்ட்)

சர்வே பண்ணுகிறவரிடம் பில்ஜில் (படகின் அடிப்பள்ளம்) எண்ணெய் மிதக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அது இருந்தால் விலையை இன்னும் இறக்கலாம்.